புளியரை தாண்டப் போறியாக்கும்?

ஏலே மக்கா, இங்கன வந்து உக்காரு. அந்த லேப்டாப் பெட்டியைக் கொஞ்சம் மூடி வையி. நீ போட்டு வச்சிருக்க கட்டத்தை நானும் பாத்தேன். ஒரு பக்கம் தென்காசி, ஒரு பக்கம் திருவனந்தபுரம். கீழ வரிசையா சீதோஷ்ணம், காத்து, சாப்பாடு, பள்ளிக்கூடம், வாழ்க்கைத் தரம்னு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் வேற. நீ ஊரு மாறப் போறியா, ஊருக்குப் பரீச்சை வைக்கப் போறியா?

தென்காசிக் காத்துக்கு ஆறு மார்க்காம். ஆடி மாசம் வேட்டியை உருவுதே ஒரு காத்து, அதுகிட்ட இந்த மார்க்கைக் காட்டு பாப்போம்.

மாநிலம் விட்டு மாநிலம் போறதாச்சே, லேசுப்பட்ட காரியமாங்கே. சரிதான். நான் ஒண்ணு கேக்கேன். காலேசு முடிச்ச கையோட மெட்ராசுக்கு ஓடுனியே, அப்ப இந்தக் கட்டம் எங்க போச்சு? செங்கோட்டையில இருந்து மெட்ராஸ் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி பஸ்ஸுல ஏறித் தூங்குனே, காலையில தாம்பரத்துல முழிச்சே. யாரைக் கேட்டே? யாருகிட்ட ஆலோசனை பண்ணுனே? திருவனந்தபுரம் நூறு கிலோமீட்டர் சொச்சம். தென்மலை, குளத்துப்புழை வழியாப் போனா மத்தியானச் சோத்துக்கு முந்தி போய்ச் சேந்துரலாம். அறுநூறு கிலோமீட்டர் போனா அது 'நம்ம ஊரு'. நூறு கிலோமீட்டர் போனா இது 'இடப்பெயர்ச்சி'. நடுவுல என்ன மாறுது? புளியரை தாண்டி, எல்லையில, கோட்டைவாசல்ல பலகையில எழுத்து மாறுது. அம்புட்டுதான்.

எழுத்து மாறுனதுக்கெல்லாம் பயந்தா நாங்க பொழைச்சிருக்க முடியுமாய்யா? எங்க அய்யா ஒரு சாமானைத் தூக்கல. ஒரு எட்டு எடுத்து வைக்கல. மாநிலம் மாறிட்டாவ. செங்கோட்டை அப்ப திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம், கொல்லம் ஜில்லா. 1956 அக்டோபர் 31 ராத்திரி கொல்லம் ஜில்லாவுல படுத்தாவ. நவம்பர் 1 காலையில எந்திரிச்சா மெட்ராஸ் ராஜ்யம், திருநெல்வேலி ஜில்லா. அதே கட்டில். அதே மூட்டைப்பூச்சி. தெக்க தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாவும் அன்னைக்கே இந்தப் பக்கம் வந்துச்சு. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கெடைக்கல, அந்தப் பக்கமே நின்னு போச்சு. கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்த கொள்ளேகாலம் மைசூருக்குப் போச்சு. இந்தப் பக்கம் சேரணும்னு கேட்டதுக்காகக் கன்னியாமரிப் பக்கம் 1954-ல துப்பாக்கிச் சூட்டுல உசுரு போயிருக்கு. அதைச் சிரிச்சுப் பேசக் கூடாது. ஆனா ஒன் கட்டத்தைப் பாத்து சிரிக்கலாம், அதுல தப்பில்ல.

பிரானூர் பார்டர்னு சொல்லுதோமே, கோழிக்கும் ரொட்டிக்கும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறியே, அங்கனதான் அப்ப எல்லை. எல்லை எந்திரிச்சு மேக்க மலைக்குப் போயி ஏறக்கொறைய எழுபது வருசம் ஆச்சு. மரவாடிக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவுல பேரு மட்டும் அங்கனயே நிக்கி. கண்டக்டரு இன்னைக்கும் 'பார்டர், பார்டர்'னுதான் கூவுதாரு. எறங்குத எவனும் பாஸ்போர்ட்டைத் தேடுததில்ல.

அந்தக் காலத்துல நாங்க திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனா, 'மலையாளத்தான் வந்துட்டான்'ம்பாவ. புனலூருக்குப் போனா, 'பாண்டி வந்நு'ம்பாவ. ரெண்டு எடத்துலயும் சோறு போட்டாவ, பாத்துக்க. மணியாச்சியில ஆஷ் துரையைச் சுட்டாரே வாஞ்சிநாதன், நம்ம செங்கோட்டைக்காரரு, அவரு சம்பளம் வாங்குனது எங்கன? புனலூர்ல, திருவிதாங்கூர்க் காட்டு இலாகாவுல. மலைக்கு அந்தப் பக்கம் சோலிக்குப் போறது அம்புட்டுப் பழைய வழக்கம். நீ என்னவோ புதுசாக் கண்டுபுடிச்சவன் கணக்கா மோவாயில கை வச்சிக்கிட்டு நிக்கே.

விடியக்காலம் பஸ் ஸ்டாண்டுல போயிப் பாரு. கொத்தனாரும் கையாளும் தூக்குவாளியோட நிப்பாவ. கட்டட வேலைக்கு இந்தியாவுலயே ஒசந்த கூலி குடுக்க மாநிலத்துல கேரளம் முன்னால நிக்குன்னு ரிசர்வ் வங்கிப் புள்ளிவிவரத்துலயே வருது. அந்தப் புத்தகத்தை இவங்க பாத்ததில்ல. ஆனா அதுல வார முன்னாலயே இவங்களுக்குத் தெரியும். அவங்க கேக்கது ரெண்டே கேள்வி. கூலி எம்புட்டு? ராத்திரி எங்கன படுக்க? ரெண்டுக்கும் பதில் கெடச்சா பஸ்ஸு ஏறிருவான். 'வாழ்க்கைத் தரம் பத்துக்கு எம்புட்டு'ன்னு ஒருத்தன் கேட்டு நான் பாத்ததில்ல. ஒனக்கு கழக்கூட்டத்துல அந்த டெக்னோபார்க்குல சோலி. 1990-ல தொடங்குனது, நல்ல எடம்தான். சம்பளம் தெரியும். படுக்க வாடகை வீடு பாத்தாச்சு. ரெண்டு கேள்விக்கும் பதில் கையில இருக்கு. பொறவு என்ன?

'அங்க பச்சைப் பசேல்னு இருக்கும் தாத்தா.'

இதைச் சொல்லாம இருப்பியா? ஏலே, மலை ஒண்ணுதான். அவங்க மூஞ்சியைப் பாக்காவ, நாம முதுகைப் பாக்கோம். தென்மேற்குக் காத்து கொண்டு வார மழையை அங்கன கொட்டிட்டு, மிச்சத்தை ஆரியங்காவுக் கணவாய் வழியா இங்க தூவுது. அதைத்தான் நாம சாரல்ங்கோம். அதுல நனையத்தான் மலையாளத்துக்காரங்க குடும்பம் குடும்பமா குத்தாலத்துக்கு வாராவ. சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி பூத்துட்டாப் போதும், கேரளத்துல இருந்து காரு காரா வந்து எறங்கி, பூவுக்கு நடுவுல நின்னு படம் புடிக்காவ. அவங்க இங்க வந்து 'எந்தொரு பங்கி'ங்காவ. நீ அங்க போயி 'என்னா பச்சை'ங்கே. ரெண்டு பேரும் கோட்டைவாசல்ல நின்னு கை குலுக்கிக்கிடுங்க.

பச்சை சும்மா வருமா? மழை பெய்யணும். ஜூன் பொறந்துட்டா கொடியில போட்ட துணி மூணு நாளைக்கு ஈரம். உள்ளுக்குள்ள பேன் போட்டுக் காய வச்சா ஒரு வாடை வரும் பாரு, அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஆபீசுல எவன் பக்கத்துல உக்காருவே? பீரோவுல வச்ச பட்டுச்சேலையில வெள்ளைப் பூஞ்சை படியும். போடாம விட்ட பெல்ட்டு பச்சையாப் போகும். அதுவும் பச்சைதான், மார்க் போட்டுக்க. ஒன் கட்டத்துல துணி காயுததுக்கு ஒரு வரிசை உண்டா? இல்லையே. துவைக்கது நீ இல்லையே, பொறவு எப்படி இருக்கும்?

சரி, கேலி கெடக்கட்டும். ஒனக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்லுதேன், கேட்டுக்க. மனுசன் லேசா மலை ஏறிருவான். காயிதம்தான் ஏறாது. 1956-லயும் அதுதான். சனம் மறுநாளே பழகிட்டு. மலையாளத்துல எழுதுன பழைய பத்திரத்தை வச்சிக்கிட்டு மொழிபெயர்க்க ஆளு தேடுத வீடு கன்னியாமரி ஜில்லாவுல இன்னும் உண்டு.

ஒன் காரை எடுத்துக்க. டிஎன் 76. அதை ஓட்டிக்கிட்டு நீ போலாம் வரலாம், கேள்வி இல்ல. ஆனா வேற மாநிலத்துல பன்னெண்டு மாசத்துக்கு மேல வச்சிருந்தா அந்த ஊரு நம்பரு வாங்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு சொல்லுது. பலகையை மாத்தி மாட்டுனா முடிஞ்சுதுன்னு நெனைக்கே. மொதல்ல தென்காசி ஆர்டிஓ ஆபீசுல தடையில்லாச் சான்று வாங்கணும். வண்டி மேல கடன் இருந்தா பேங்குக்காரன்கிட்ட ஒரு தடையில்லாச் சான்று. ஒனக்குக் கடன் இல்லாம இருக்குமா? இன்சூரன்சு, புகைச் சான்று எல்லாம் உசுரோட இருக்கணும். அம்புட்டையும் சுமந்துக்கிட்டு அங்க போனா, வண்டிக்கு வயசு என்ன, வெலை என்னன்னு பாத்து மறுபடியும் சாலை வரி கட்டும்பான். 'நான்தான் தமிழ்நாட்டுல ஆயுசு வரி கட்டிட்டேனே'ன்னு குதிப்பே. கட்டுனே, யாரு இல்லைன்னா? மாநிலம் தாண்டுனா வண்டி மறுபொறப்பு எடுக்கும்னு ஒனக்கு யாரும் சொல்லல போல. அந்த ரசீதைக் கொண்டு வந்து இங்க மிச்ச வரியைத் திருப்பிக் கேக்கலாம், அதுக்கு எடம் இருக்கு. கேக்கலாம்னுதான் சொன்னேன். அரசாங்கத்துக்குள்ள போன துட்டு மூச்சு வாங்காம வெளிய வந்து நீ பாத்திருக்கியா?

இந்த எளவு வேண்டாம்னுதான் 2021-ல பிஎச்னு பாரத் வரிசை நம்பரு கொண்டு வந்தாவ. ரெண்டு ரெண்டு வருசத்துக்கா வரி கட்டிக்கிடலாம், எந்த மாநிலத்துக்குப் போனாலும் பலகை மாத்த வேண்டாம். பட்டாளத்துக்காரங்க, மத்திய அரசு ஆளுங்க, பொறவு நாலு மாநிலத்துலயாவது ஆபீசு வச்சிருக்க தனியார் கம்பெனிக்காரங்க, இவங்களுக்குக் கெடைக்கும். ஒன் கம்பெனிக்கு நாலு எடத்துல ஆபீசு உண்டான்னு கேட்டியா? மாடியில டேபிள் டென்னிசு உண்டான்னு மட்டும் கேட்டு வச்சிருக்கே.

ரேசன் கார்டு. இங்க அரிசிக் கார்டு வச்சிருக்க எல்லாருக்கும் சும்மா அரிசி. அங்க கார்டுக்கு நாலு நெறம்: மஞ்ச, ரோஸ், நீலம், வெள்ளை. மஞ்சளும் ரோஸும் ஏழைபாழைக்கு. ஒன் சம்பளத்துக்கு வெள்ளைதான் வரும். 2020 அக்டோபர்ல இருந்து தமிழ்நாடும் ஒரே நாடு ஒரே ரேசன்ல சேந்தாச்சு, ஆனா அது முன்னுரிமைக் கார்டுக்காரங்களுக்கு. ஒனக்கு மட்டை அரிசி எறங்குமா, அதைச் சொல்லு மொதல்ல. ஓட்டுக்கு எட்டாம் நம்பர் பாரம் எழுதிப் போட்டா போதும், அது பெரிய சோலி இல்ல. ஆனா கார்டுல பேரை எடுக்கதுக்கு முந்தி ஒரு நிமிசம் நில்லு. அந்தக் கார்டுலதான் ஒங்க அம்மை பேரும் இருக்கு. 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் ஆயிரம் ரூவா மகளிர் உரிமைத் தொகைன்னு வருதே, அது அந்தக் கார்டை வச்சுத்தான். 'ஆயிரம் ரூவா என்ன பெருசு, நான் தாரேன்'ம்பே. நீ குடுத்தா அது மவன் துட்டு. அது வந்தா அவ துட்டு. வித்தியாசம் ஒனக்குப் புரிய இன்னும் இருவது வருசம் ஆகும், அதை வுடு.

ஒம் பய விசயத்துக்கு வாரேன். இங்கதான் நீ கட்டத்துல 'பள்ளிக்கூடம்: ஒன்பது'ன்னு ஒத்த வரியில முடிச்சிட்டே. அங்க பத்தாம் வகுப்பு வரைக்கும் மலையாளம் படிக்கணும்னு 2017-ல சட்டம் போட்டுட்டாவ, எந்தப் பாடத்திட்டமா இருந்தாலும். மொகத்தைச் சுளிக்காத. 2006-லயே தமிழ் படிச்சே ஆகணும்னு சட்டம் போட்டவங்க நாம. அவங்க மொழியை அவங்க சொல்லிக் குடுக்காம நீயா வந்து சொல்லிக் குடுப்பே? பய படிச்சிருவான், புள்ளைகளுக்கு மொழி ஒட்டிக்கிடும். கஷ்டப்படப் போறது நீதான். நாலு மலையாளப் படம் பாத்துட்டு பேசிருவேன்னு நெனைக்கே. கரண்டு ஆபீசுல போயி நின்னாத் தெரியும்.

ஆனா அவன் தமிழ் எழுதப் படிக்கதை விட்டுட்டான்னு வையி, பொறவு இங்க சர்க்கார் சோலிக்கு எழுதணும்னா இடிக்கும். 2021-ல இருந்து தமிழ்த் தாள்ல தேறுனாத்தான் மத்த தாளையே திருத்துவாவ. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு இருவது சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அதைப் பத்தி நீ பேசவே பேசாத. இங்க இருக்கும்போதே அவனை எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டேன்னு ஊருக்கே தெரியும். சட்டையில டை கட்டிக்கிட்டு, கிழமைக்கு ஒரு செருப்பு.

சாதிச் சான்றிதழைப் பெட்டியில பத்திரமா வச்சிருக்கேல்லா? அது இந்த மண்ணுக்குத்தான் செல்லும். பொழைப்புக்காக வேற மாநிலத்துக்குப் போன பட்டியல் சாதிக்காரங்களுக்குப் போன எடத்துல அந்தச் சலுகை கெடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 1990-லயே சொல்லிட்டு. பிற்பட்ட சாதிப் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேற. இங்க 69 சதவீத ஒதுக்கீட்டுக்குள்ள நிக்க பய அங்க போனா பொதுவுல நிக்கணும். இஞ்சினீரு, டாக்டர் படிப்புக்கு அங்க கேரளியன், கேரளியன் அல்லாதவன்னு பிரிச்சுத்தான் வரிசையில விடுவாவ. இங்க வந்து டாக்டர் படிப்புக்குக் கேட்டா, ஆறாம் வகுப்புல இருந்து தமிழ்நாட்டுல படிச்சியான்னு பாப்பாவ. இல்லைன்னா இருப்பிடச் சான்று எடு, அப்பன் சான்று எடுன்னு அலையணும். இதெல்லாம் போகக் கூடாதுங்கதுக்கு சொல்லல. பயலுக்கு இப்ப ரெண்டாங் கிளாசு. ஆறாங் கிளாசுக்கு முந்தி ஒருக்க நின்னு யோசின்னு சொல்லுதேன். நீ இப்பமே மூச்சு முட்ட யோசிக்கே, அப்பம் மறந்துருவே. ஒன்னைய எனக்குத் தெரியாதா?

வாடகைக்கு பதினோரு மாசம்தான் எழுதித் தாராங்க, பாதுகாப்பே இல்லையேன்னு பொலம்புதே. ஒரு வருசத்தைத் தாண்டுனா பதியணும்னு 1908-ஆம் வருசத்துச் சட்டம் இருக்கு. அதுக்குத்தான் எல்லாவனும் பதினொண்ணுல நிறுத்துதான். இங்கயும் அதே கததான். நீண்ட நாளு ஒப்பந்தம் வேணுமா? முல்லைப்பெரியாறைப் பாரு. 1886-ல திருவிதாங்கூர் மகாராசாவும் வெள்ளைக்காரனும் எழுதுனது. 999 வருசக் குத்தகை! அணை இருக்கது அவங்க மண்ணுல, தண்ணி பாயுறது தேனிக்கும் மதுரைக்கும். 999 வருசம்னு எழுதியும் வழக்கு ஓஞ்சுதா? 2014-ல 142 அடி தேக்கலாம்னு தீர்ப்பு வந்த பொறவும் பேச்சு நிக்கல. அதைப் பாத்தா பதினோரு மாசம் நிம்மதி.

எல்லைன்னா பலகையில எழுத்து மாறுதது மட்டும்தான்னு சொன்னேன்லா, அதுல ஒரு சங்கதி பாக்கி இருக்கு. எப்பவாச்சும் ஒருக்க அது எந்திரிச்சு நிக்கும். 2011 டிசம்பர்ல அணைச் சண்டையில குமுளிப் பாதை அடைபட்டுச்சு. ஏலத்தோட்டத்துக்குப் போற கூலிச் சனம் சோத்துக்குத் திண்டாடிப் போச்சு. 2020 மார்ச்சுல கொரோனா வந்துச்சு. புளியரையில செக்போஸ்டை அடைச்சாவ, பொறவு பாத்தா இ-பாஸ் இல்லாம ஈ கூடத் தாண்ட முடியல. ஆரியங்காவுல பொண்ணைக் குடுத்தவன் இங்கன நின்னு மலையைப் பாத்துக்கிட்டுக் கெடந்தான். புனலூர் ரயிலு இருக்கே, 1904-ல ஓட ஆரம்பிச்சது, அதையும் அகலப் பாதை போடுதோம்னு 2010-ல நிறுத்தி 2018-லதான் திரும்ப விட்டாவ. ஐம்பது கிலோமீட்டர் பாதைக்கு எட்டு வருசம்! அந்த எட்டு வருசமும் சனம் போகாமலா இருந்துச்சு? பஸ்ஸுல நின்னுக்கிட்டே போச்சு.

நல்லதையும் சொல்லணும்லா. ஒடம்புக்கு முடியலேன்னா நம்ம சனமே இங்க இருந்து திருவனந்தபுரத்துக்குத்தான ஓடுது? இருதயம், மூளைன்னா ஸ்ரீசித்திரா. புத்து நோவுன்னா ஆர்சிசி. விடியக்காலம் கெளம்பி, வரிசையில நின்னு, ராத்திரி திரும்புத கெழடுக எத்தனை! ஒங்க அம்மைக்கு முட்டு வலி, சக்கரை. அங்க வீடு இருந்தா அது பெரிய காரியம். இதை நீ கட்டத்துல எழுதல. 'பக்கத்துல கடற்கரை'ன்னு எழுதியிருக்கே.

இன்னொரு வசதியும் உண்டு, எனக்கு. இங்க 2003-ல லாட்டரியை ஒழிச்சாவ. அங்க 1967-ல இருந்து அரசாங்கமே நடத்துது. ஆரியங்காவுல எறங்குனா சாயாக்கடையை விட லாட்டரிக் கடைதான் கண்ணுல படும். ஓணம் பம்பர் மொதப் பரிசு 25 கோடி. 2023-ல அது திருப்பூர்க்காரங்க நாலு பேருக்கு விழுந்துச்சு. நான் வாங்க மாட்டேன், சூதாட்டம் குடியைக் கெடுக்கும். நீ அங்க குடியிருந்து, ஆசைப்பட்டு எனக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சா, வேண்டாம்னு சொல்லி ஒம் மனசைப் புண்படுத்த மாட்டேன்.

இப்ப கேளு. சட்டமே ஒனக்குப் பன்னெண்டு மாசம் குடுத்திருக்கு, வண்டி நம்பரு மாத்த. அந்தப் பன்னெண்டு மாசத்தை முழுசா எடுத்துக்க. டிஎன் 76-லயே ஓட்டு. பெட்ரோலு மட்டும் புளியரை தாண்டுத முந்தி போட்டுக்க, அங்க வெலை கூட. வீட்டை விக்காத, பூட்டியும் போடாத, பூட்டுன வீட்டுல கரையான்தான் குடியிருக்கும். தங்கச்சி மாப்பிள்ளையை இருக்கச் சொல்லு. ஒரு மழைக்காலம் முழுசா அங்க இரு. ஒரு ஓணம் பாரு. ஒரு பொங்கலுக்கு லீவு கெடைக்காம உக்காந்து பாரு. துணி காஞ்சுதா, பயலுக்குச் சேக்காளி கெடச்சானா, பக்கத்து வீட்டம்மா ஒம் பொஞ்சாதிகிட்ட தேங்கா கடன் கேட்டாளா, இதை எல்லாம் பாரு. தேங்கா கடன் கேட்டுட்டான்னா ஊரு ஒன்னைய சேத்துக்கிட்டுன்னு அர்த்தம்.

சாமான் ஏத்த லாரி இங்கனயே பேசிரு. எறக்க ஆளு அந்தப் பக்கம் பேசணும்னா மொதல்லயே ரேட்டைக் கேட்டுக்க. முந்தி அங்க நோக்குகூலின்னு ஒண்ணு இருந்துச்சு. நீ ஒன் சாமானை நீயே எறக்குவே, சங்கத்து ஆளு கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிப்பான். பாத்ததுக்குக் கூலி! 2018 மே 1-ல இருந்து அது கூடாதுன்னு அரசாங்கமே நிறுத்திட்டு. எனக்குத்தான் வருத்தம். நான் இந்தத் திண்ணையில உக்காந்து ஊரைப் பாக்குத பார்வைக்கு அங்க போயிருந்தா மாடி வீடு கட்டிருப்பேன்.

கடைசியா ஒண்ணு. இம்புட்டு வரிசை எழுதியிருக்கியே, ஒம் பொஞ்சாதி வரிசை எங்க? அந்தப் புள்ள தமிழ்நாட்டு டெட் எழுதிப் பாஸ் பண்ணி வச்சிருக்கு. அது இங்கதான் செல்லும். அங்க வாத்திச்சி சோலிக்குப் போகணும்னா கே-டெட் எழுதணும், மலையாளமும் வேணும். அவளைக் கேட்டியா? முழிக்கே. காத்தைக் கேட்டிருக்கே, கடலைக் கேட்டிருக்கே, வீட்டுல இருக்கவளைக் கேக்கல.

நீ கேக்கலேன்னாலும் அவ சும்மா இருக்கல. போன வாரமே கே-டெட் புத்தகம் பார்சல்ல வந்து எறங்கிட்டு. ராத்திரி நீ அந்தப் பெட்டியை வச்சிக்கிட்டு மார்க் கூட்டிக்கிட்டு இருக்கையில, அவ அடுக்களையில உக்காந்து எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கா. ஒம் மவன் நேத்து சாயங்காலம் சிலேட்டைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தான், 'தற, பற'ன்னு எழுதிக் காட்ட. நானும் திருவிதாங்கூர்ப் பள்ளிக்கூடத்துல அடி வாங்குனவன்தான். 'ற'வுக்குச் சுழி தப்பாப் போட்டிருந்தான். திருத்தி விட்டேன்.